காதில் விழுந்ததெல்லாம்

கடைவீதியில் அவரைப் பேச்சுக்காரர் என்றுதான் சொல்வார்கள். குளியலறைச் சாமான் விற்கிறவர். ஒரு குழாய் வாங்க வந்தவர் தலையில் வாஷ்பேசின், கண்ணாடி, துண்டு மாட்டும் கம்பி எல்லாவற்றையும் கட்டி அனுப்புகிற வாய் அவருக்கு. வீட்டிலும் அந்த வாய்க்கு ஓய்வு கிடையாது. சட்டை மாட்டும்போது பேசுவார், சாப்பிடும்போது பேசுவார், தூக்கத்தில்கூட யாருக்கோ தள்ளுபடி சொல்லிக்கொண்டிருப்பதாக அவர் மனைவி சொல்வதுண்டு.

அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு ஆளிடம் பேச வேண்டும் என்றால் மட்டும் தடுமாறுவார். அது அவருடைய அக்கா. அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பல் வைத்தியர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு, நகரத்தின் மறுகோடியில் தனியாக இருந்தாள். யார் தயவும் வேண்டாமல் தன் காலில் நிற்கிற மனுஷி. வீட்டுக்கு வந்தால் அவள் பாட்டுக்குத் தம்பி மகளோடு உட்கார்ந்துவிடுவாள். பேச்சுக்காரர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே ஏதாவது சொல்வார், அவள் தலையாட்டுவாள், புரிந்துவிட்டது என்று இவர் நினைத்துக்கொள்வார்.

அவளிடம் ஒரு எழுத்துத் தொலைபேசி இருந்தது. ரிசீவரை அந்தக் கருவியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு டைப் அடிக்க வேண்டும். எழுத்து நேராகத் தம்பி வீட்டுக்கு வராது. நடுவில் இடைப்பேச்சு நிலையம் என்று ஒன்று உண்டு. அக்கா அடிப்பதை அங்கே இருக்கும் ஆபரேட்டர் தம்பிக்கு வாசித்துச் சொல்வார். தம்பி பேசுவதை டைப் அடித்து அக்காவுக்கு அனுப்புவார். வாசிக்கும்போது "உங்க அக்கா இப்படிச் சொல்றாங்க" என்றெல்லாம் கிடையாது, "நான்" என்றே வாசிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஒரு தடவை இடி இடிக்கிற மாதிரி குரல் உள்ள ஓர் ஆபரேட்டர் "தம்பி, எனக்கு இந்தப் புடவை நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று வாசிக்க, பேச்சுக்காரர் அதைக் கடையில் நடித்துக் காட்டி ஒரு வாரம் சிரிப்பு மூட்டினார்.

இன்னொரு விதியும் உண்டு. காதில் விழுவது எதையும் ஆபரேட்டர் விடக் கூடாது. நாய் குரைத்தால் நாய் குரைக்கிறது என்று அடிப்பார், யாராவது சிரித்தால் சிரிப்புச் சத்தம் என்று அடிப்பார். காது கேட்கிறவருக்கு இதெல்லாம் தானாகவே கிடைக்கிறது, கேட்காதவருக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்பது நியாயம்தான். அழைப்பின் ஆரம்பத்திலேயே இதைச் சொல்லவும் செய்வார்கள். ஆனால் பேசிப் பழகிய மனிதருக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் சாப்பிட்டு முடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"வணக்கம் சார், இடைப்பேச்சு நிலையத்துலேர்ந்து பேசறேன். உங்களுக்கு ஒரு எழுத்து அழைப்பு. நீங்க பேசறது, உங்க பக்கம் எனக்குக் கேட்கிறது எல்லாமே..."

"தெரியும் தெரியும், ஆரம்பிங்கம்மா" என்றார் பேச்சுக்காரர்.

அந்தப் பெண் வாசித்தாள். "தம்பி, சாப்பிட்டாச்சா? சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பிட வர்றாங்கன்னு பாப்பா சொன்னா. நான் பட்டறையில லீவு சொல்லிட்டேன். காலையிலேயே வந்துடறேன். நம்ம பாப்பா போகப்போற வீட்டு ஆளுங்களை நானும் பாக்கணும். இனி நீ பேசு."

பேச்சுக்காரர் பல்குச்சியைக் கீழே போட்டார். "அக்கா, அது வந்து, சும்மா ஒரு சாப்பாடுதான். பெரிசா ஒண்ணும் இல்லை. நீ எதுக்கு அதுக்காக லீவெல்லாம்..." என்று இழுத்தார். அந்தப் பக்கம் விசைகள் டக்டக்கென்று ஓடின.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மனைவி எட்டிப் பார்த்தாள். "யாரு போன்ல?"

அவர் ரிசீவரைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அதுவே பெரிய மறைப்பு என்று அவருக்கு நினைப்பு. "அக்காதான். சனிக்கிழமை வர்றாளாம்."

"வரட்டுமே. அண்ணி வராம வேற யாரு வருவாங்க?"

"புரியாம பேசாதே. சம்பந்திகிட்ட நான் ஒரே பிள்ளை, கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைன்னு சொல்லி வெச்சிருக்கேன். இவ வந்து கையை ஆட்டிக்கிட்டு, அந்தக் குரல்ல ஒரு சிரிப்பு சிரிச்சான்னா என் மானம் என்னாகும்? இது உங்க குடும்பத்துல வழிவழியா வர்றதான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

சொல்லிவிட்டு ரிசீவரைக் காதுக்குக் கொண்டுபோனார். டக்டக் சத்தம் நிற்கவில்லை. அவர் அக்காவிடம் சொன்னது எப்போதோ முடிந்துவிட்டது, விசைகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன.

"என்னம்மா அடிக்கிறீங்க?"

"உங்க பக்கம் கேட்டதை சார்."

"அய்யய்யோ! அது வீட்டுப் பேச்சும்மா. அவகிட்ட சொன்னதில்லை. அழிச்சுடுங்க."

டக்டக்.

"இப்ப என்ன அடிக்கிறீங்க?"

"அழிச்சுடுங்கன்னு சொன்னீங்களே, அதை."

"அம்மா தாயே, கொஞ்சம் நிறுத்துங்களேன்!"

டக்டக் டக்டக். அதுவும் போய்விட்டது. வாயை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று தெரிந்து அவர் வாயை மூடியது அநேகமாக வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. மனைவி திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண் வாசித்தாள், காய்கறி விலை வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாத குரலில். "கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைன்னு சொன்னியா."

"அவ கோவமா கேக்கறாளா?" என்றார் பேச்சுக்காரர் மெல்ல.

"எழுத்துதான் சார் வருது. கோவம் எனக்குத் தெரியாது."

அவர் கேட்ட அந்தக் கேள்வியும் டைப் ஆனது. அதற்குப் பதிலாக அடுத்தது வந்தது. "கோவம் இல்லை. லீவு வேண்டாம்னு பட்டறையில சொல்லிடறேன். பாப்பாவுக்கு என் அன்பு. வெச்சுடறேன்."

இணைப்பு போய்விட்டது. "கேட்டாளா?" என்றாள் மனைவி. "படிச்சா" என்றார் அவர். மனைவி சண்டைக்கு வந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் கடையில் வியாபாரம் ஓடவில்லை. ஷவர் கேட்டு வந்த ஒரு தம்பதியிடம் விலையைச் சொல்லிவிட்டு நின்றார். அவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். கணக்குப்பிள்ளை வந்து "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். உடம்பு கல் மாதிரிதான் இருந்தது. உள்ளேதான் அரித்துக்கொண்டிருந்தது. சம்பந்தியிடம் அந்தப் பொய்யைச் சொன்ன நேரத்தில் அவருக்கு ஒன்றும் உறுத்தவில்லை. நாக்கு நுனியில் சுலபமாக வந்தது. தன்னைக் குழந்தை மாதிரி நம்பி லீவு போட்ட அக்கா அதை எழுத்தெழுத்தாகப் படித்திருப்பாள் என்று நினைத்தபோதுதான் கூசியது. சொல்லாய் இருந்தால் காற்றோடு போயிருக்கும். இது அவள் கண்ணெதிரே ஒவ்வொரு எழுத்தாக நின்றிருக்கும்.

பின்னறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து இடைப்பேச்சு நிலையத்துக்குப் போன் போட்டார். இந்தத் தடவை ஓர் ஆண் குரல் எடுத்தது. அக்கா லைனில் வந்ததும் இவர் வழக்கம்போல் மடமடவென்று கொட்ட ஆரம்பித்தார். "அக்கா நான் வேணும்னு சொல்லலை ஏதோ பேச்சு வாக்குல வந்துடுச்சு அன்னிக்கு அவங்க குடும்பத்தைப் பத்திப் பெருமையா சொன்னாங்களா நானும்..."

"சார், கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி. என் கை அவ்வளவு வேகம் போகாது."

"எங்க விட்டேன்?"

"வேணும்னு சொல்லலை, அதுவரைக்கும் அடிச்சிருக்கேன். என்ன சொன்னீங்க, என்ன சொல்லலை? அங்கேர்ந்து சொல்லுங்க."

நிறுத்தி நிறுத்திச் சொன்னால் சப்பைக்கட்டு நிற்காது. வேகம் இருந்தால்தான் பூசி மெழுக முடியும் என்பது விற்பனைக்காரருக்குத் தெரியாதா? ஒவ்வொரு சொல்லாகத் தனித்தனியே வெளியே எடுத்து வைத்தபோது அவருக்கே அது அசிங்கமாகத் தெரிந்தது. "எனக்கு. அக்கா. இல்லைன்னு. சொன்னேன். நீ வந்தா. எனக்கு வெட்கமா இருக்கும்னு. நெனச்சேன்." முன்னால் கணக்குப்பிள்ளையின் கால்குலேட்டர் சத்தம் நின்றுபோயிருந்தது. எல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கும். விழட்டும் என்று பேச்சுக்காரர் தொடர்ந்தார். "தப்பு பண்ணிட்டேன் அக்கா. மன்னிச்சுடு."

பதில் வந்தது. "இதையெல்லாம் நான் மத்தியானமே படிச்சாச்சு. எனக்குத் தெரிஞ்சதை எனக்கே எதுக்குச் சொல்றே? தெரியாதவங்ககிட்ட சொல்லு."

அவ்வளவுதான். அவர் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒரு பீங்கான் தொட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, தள்ளிப்போட்டால் நாளைக்கு வேறொரு பொய் ரெடியாகிவிடும் என்று தன்னைப் பற்றித் தனக்கே தெரிந்திருந்ததால், உடனே சம்பந்திக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, ஒரு விஷயம். நான் உங்ககிட்ட ஒண்ணு மாத்திச் சொல்லிட்டேன். எனக்கு ஒரு அக்கா இருக்கா. அவளுக்குக் காது கேக்காது. அதனால, அதனாலதான் சொல்லலை."

மறுமுனையில் சின்னதாக ஒரு கனைப்பு. "அது தெரியும் சம்பந்தி. உங்க பொண்ணு எங்க பையன்கிட்ட முதல் நாளே சொல்லிட்டா. அத்தைன்னா அவளுக்கு உசிராமே."

"தெரியுமா?"

"நீங்களா சொல்வீங்கன்னுதான் நாங்க கேட்டுக்கலை."

பேச்சுக்காரர் கூனிக் குறுகிப்போனார். இவ்வளவு நாளும் தான் அளந்துவிட்டதையெல்லாம் அந்த மனிதர் தெரிந்துகொண்டே, முகம் கோணாமல், "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். போகட்டும், அக்காவை மறைத்து மிச்சம் பிடித்த மானமாவது இருந்ததா என்றால், அதுவும் இல்லை. யாரும் கேட்காத விலைக்கு அவளை விற்றிருக்கிறார்.

"சனிக்கிழமை உங்க அக்கா வர்றாங்கல்ல?" என்றார் சம்பந்தி. "என் வீட்டுக்காரி ஒரு விஷயம் உங்ககிட்ட கேக்கச் சொன்னா. அவங்ககிட்ட எப்படிப் பேசினா அவங்களுக்கு வசதி? உங்க பொண்ணு கையால என்னமோ பேசிக் காட்டினாளாம், அது எங்களுக்கு வராது. எழுதிக் காட்டலாமா? மெதுவா பேசினா உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவாங்களா? சத்தமா பேசணுமா? உங்களுக்குத்தான் தெரியும்."

பேச்சுக்காரர் வாயைத் திறந்தார். எழுதிக் காட்டினால் அவளுக்குப் பிடிக்குமா, தெரியாது. உதட்டைப் பார்ப்பாளா, தெரியாது. அவர் பேசும்போது அவள் தலையாட்டியதெல்லாம் புரிந்துதானா என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. கூடப் பிறந்த அக்கா, ஒரே கூரையின் கீழே வளர்ந்தவள். வந்துபோகும் வாடிக்கையாளருக்கு எந்தக் குழாய் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுகிறவருக்கு, அவளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியவில்லை.

"கேட்டுச் சொல்றேன்" என்றார். அந்த இரண்டு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

மறுபடியும் நிலையம். அதே ஆண் குரல். "அக்கா, சம்பந்திகிட்ட சொல்லிட்டேன். அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம். உன்னைக் கட்டாயம் வரச் சொல்றாங்க." நிறுத்தினார். விசைச் சத்தம் வந்து நின்றது. "அக்கா, உன்கிட்ட எப்படிப் பேசணும்?"

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. "யாருக்காகக் கேக்கறே? அவங்களுக்கா, உனக்கா? இனி நீ பேசு."

"எனக்கும்தான்" என்று சொல்ல நாக்கு துடித்தது. நல்ல பதில், யாருக்கும் மனம் இளகும் பதில். பழைய வழக்கப்படி அது தானாகவே முன்னால் வந்து நின்றது. ஆபரேட்டர் காத்திருந்தார். பேச்சுக்காரர் அதை மென்று விழுங்கினார்.

"அவங்கதான் கேட்டாங்க அக்கா. எனக்குக் கேக்கணும்னே தோணலை."

டக்டக் என்று அது போனது. "லைன்ல இருக்காங்களா?" என்று கேட்கக்கூட அவருக்குப் பயமாக இருந்தது, அதையும் அடித்துவிடுவார்களே. கடைசியில் ஆபரேட்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"அவங்ககிட்ட சொல்லு. வெளிச்சத்துல உக்காந்து, என் முகத்தைப் பாத்துப் பேசினா போதும், எனக்குப் புரியும். சனிக்கிழமை வர்றேன், அவங்களைப் பாக்க. உன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு எனக்கும் தெரியலை."