பிரேக் மாமா போட்ட வரிசைகள்

பிரேக் மாமாவுக்கு அந்தப் பெயரை வைத்தது அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள்தான். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்து வந்தால் மிதிப்பதற்கென்று வைத்தது. மாமா அதை மூச்சு விடுவதுபோல மிதித்தார். ஓய்வு பெற்றபின் மிதிக்க ஒன்றும் இல்லாமல் போகவே, காலின் வேலையை வாய் எடுத்துக்கொண்டது. வீட்டில் யாராவது எதையாவது புதிதாகத் தொடங்கினால் போதும், மாமா வாயைத் திறப்பார், வண்டி நின்றுவிடும்.

அதில் அதிகம் மாட்டியது மருமகள். பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களை உட்கார வைத்து, பெயர் எழுதி, "கொஞ்ச நேரம்தான், வலிக்காது" என்று பொய் சொல்கிற வேலை அவளுக்கு. மாலையில் தனக்கென்று ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கிதார் வாங்கினாள். "பக்கத்து வீட்டு நாய்க்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா, கூடவே பாடுது" என்றார் மாமா. கிதார் அலமாரிக்கு மேலே ஏறியது. கேக் செய்தாள். மாமா ஒரு துண்டை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்து, "உள்ள யாரும் இல்ல போல" என்றார். கேக் அச்சுகளும் அலமாரிக்கு மேலே ஏறின. ஒவ்வொரு தடவையும் மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கிறாளே என்று மாமா இன்னும் இரண்டு ஜோக்கு எடுத்துவிட்டார். மனுஷனுக்குக் கெட்ட எண்ணம் என்று எதுவும் கிடையாது, அதைச் சொல்லியாக வேண்டும். வாய்தான் சும்மா இருக்காது.

அப்புறம் பாசிமணி வந்தது. கடைத்தெருவில் மணிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் பின்னறையில் பாசிமணி நகை பின்னக் கற்றுக்கொடுத்தாள். மருமகள் போய்ச் சேர்ந்தாள். விரல் அகலத்தில் ஒரு கைப்பட்டை, அதற்குப் பிறகு ஒரு ஜோடி காதணி, கடைசியாகக் கழுத்தை ஒட்டிப் போடுகிற பட்டை. கருநீலத்தில் பொன் நிறக் கோடு வளைந்து வளைந்து போகும். வகுப்பில் யாருடைய பட்டை நன்றாக வருகிறதோ, அது கடையின் கண்ணாடி ஜன்னலில் ஏறும், அவரே அடுத்த வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்யலாம் என்று மணிக்கடைக்காரம்மா அறிவித்திருந்தாள்.

"இது என்னம்மா, எறும்புக்கு நெக்லஸா?" என்றார் மாமா, தட்டில் கிடந்த கடுகளவு மணிகளைப் பார்த்து.

இந்தத் தடவை மருமகள் சிரிக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்தாள்.

"மாமா, ஒண்ணு சொல்றேன். இது ஜன்னல்ல ஏறலைன்னா, இனிமே நான் எதையும் தொடமாட்டேன். ஆஸ்பத்திரி, வீடு, டிவி. அவ்வளவுதான். உங்களுக்கும் நிம்மதி."

மாமாவுக்கு ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார். 

அந்த வாரம் தொடர்ந்து விடுமுறை. மகனும் மருமகளும் அவள் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனார்கள். பாதி முடிந்த பட்டை, ஊசி தொங்கும் நூலோடு, சாப்பாட்டு மேஜை ஓரத்தில் தட்டில் இருந்தது. "மாமா, அந்தத் தட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்று வாசலில் நின்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் வண்டியேறினாள்.

மாமா போகவில்லை. மூக்குக்கண்ணாடிதான் தட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டி அதை எடுத்தார். கைக்கடிகாரப் பட்டையில் நூல் மாட்டியது. வேறு யாராக இருந்தாலும் நின்று, குனிந்து, மெதுவாக விடுவித்திருப்பார்கள். மாமா வெடுக்கென்று இழுத்தார். நூல் அறுந்தது. கொஞ்சம் மணிகள்தான் உதிர்ந்தன. சரிசெய்கிறேன் பேர்வழி என்று பிய்ந்த நுனியைப் பிடித்து அவர் இன்னொரு தடவை இழுத்ததில் நாலு விரல் அகலத்துக்கு வரிசை வரிசையாகக் கழன்று, மேஜை, நாற்காலி, தரை என்று ஓடியது.

மாமா தரையில் மண்டியிட்டார். விரல் நுனியை ஈரமாக்கி, முழங்கால் தேய ஊர்ந்து, ஒவ்வொரு மணியாக ஒற்றி எடுத்தார். எடுத்து முடித்து உட்கார்ந்தபோது அவருக்கு ஒரே ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இதைப் பார்த்தால் அவள் கோபப்படமாட்டாள். "பரவாயில்ல மாமா" என்று சொல்லி, தட்டை அலமாரிக்கு மேலே வைத்துவிடுவாள்.

அதனால் கைபேசியில் வீடியோவைத் தேடிப் போட்டார். வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "ஒரு மணியைக் கோர்த்துக்கோங்க, கீழ் வரிசையில ஒண்ணை விட்டுட்டு, தூக்கலா நிக்கிற அடுத்த மணிக்குள்ள ஊசியை விடுங்க, அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம்! ஊசி முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதன் காதில் நூலை நுழைப்பதற்குள் மாமாவுக்கு ஒரு காபி ஆறிப்போனது. முதல் முயற்சி ஓரத்தில் திரும்பும்போது தப்பி, பட்டை ஒரு பக்கம் ஒடுங்கியது. பிரித்தார். இரண்டாவதில் பொன் நிறக் கோடு வளைய வேண்டிய இடத்தில் நேரே போய்விட்டது. பிரித்தார். காரில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ பேரைத் திட்டியவர், இப்போது தன்னைத்தானே அதே வார்த்தைகளால் திட்டிக்கொண்டார்.

ஆனால் கை மெல்லப் பழகியது. நூலில் மெழுகைத் தேய்த்து, மணியைக் கோர்த்து, ஒன்றை விட்டு ஒன்றில் நுழைத்து, ஒரு இழுப்பு. அந்த இழுப்புதான் மாமாவுடையது. அவர் மூடிய பாட்டிலை அந்த வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. அவர் அடைத்த குழாயைத் திறக்க மகன் துணியைச் சுற்றிக்கொண்டு வருவான். அதே இழுப்பு மணிக்கு மணி விழுந்தது. அவர்கள் ஊரிலிருந்து திரும்பும் நாளன்று மதியம் கடைசி வரிசை முடிந்தது. பட்டையை மேஜையில் போட்டுப் பார்த்தார். அடேயப்பா! தன் கையா இது? யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. காட்ட ஆள் இல்லை, காட்டவும் முடியாது. ஊசியை முன்பு தொங்கியதுபோலவே தொங்கவிட்டு, எழுந்து போய் நல்லபிள்ளையாகச் செய்தித்தாள் படித்தார்.

அடுத்த வகுப்பு முடிந்து மருமகள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"மாமா, இங்க பாருங்க! டீச்சருக்குக் கடையில கூட்டம், பாக்கல. ஆனா எங்கூடக் கத்துக்கிற பேங்க் அக்கா பாத்துட்டாங்க. யாரு எது பண்ணாலும் மூக்கைச் சுளிக்கிற அக்கா! 'மத்த இடமெல்லாம் தொளதொளன்னு இருக்கு, இந்த நாலு விரல் மட்டும் எப்படி இவ்வளவு கச்சிதமா வந்துச்சு? இதே மாதிரி முழுக்கப் போடு, ஜன்னல் உனக்குத்தான்'னு சொன்னாங்க!"

அவள் விரல் வைத்துக் காட்டிய இடம் மாமாவின் இடம். மாமாவுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த கணமே முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லா... நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். அது ஒன்றுதான் அவள் கைவேலைக்கு அவர் வாயிலிருந்து அதுவரை வந்த பாராட்டு. அதுவும் அவருக்கு அவரே கொடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. மருமகள் தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உட்கார்ந்தாள். அந்த நாலு விரலுக்கு அப்புறம் இரண்டு வரிசை போடுவாள், பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள், பிரிப்பாள். நூலை இன்னும் இழுத்துப் பிடித்தாள். ஆள்காட்டி விரலில் நூல் அறுத்துக் கோடு விழுந்தது. பிளாஸ்திரி போட்டுக்கொண்டு போட்டாள். பிரித்தாள்.

"அன்னைக்கு எப்படிப் போட்டேன்னே ஞாபகம் இல்ல மாமா. என் கைதான், எனக்கே வரமாட்டேங்குது."

"ஒவ்வொரு மணிக்கும் ஒரு இழுப்பு இழுத்துட்டு, கட்டை விரலால அமுக்கிப் பிடிச்சுக்கோம்மா" என்று மாமா வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கு என்ன மாமா தெரியும் இதைப்பத்தி?"

மாமா திருதிருவென்று முழித்தார். ஒன்றுமே தெரியாது என்று ஒப்புக்கொண்டு எழுந்து போனார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஒரு மாலை அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அழவில்லை, முகம் மட்டும் சுருங்கிப்போயிருந்தது.

"முடிஞ்சுது மாமா. இதையும் மேல வச்சிடுங்க. நீங்க ஜோக்கு ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

மாமாவிடம் ஜோக்கு இல்லை. தேடிக்கூடப் பார்க்கவில்லை. அவள் எதிரே உட்கார்ந்தார்.

"அந்த நாலு விரலைப் போட்டது நீ இல்லம்மா."

"பின்ன யாரு, பேயா?"

"நான்."

"மாமா, விளையாடாதீங்க. நானே நொந்துபோயிருக்கேன்."

மாமா ஊசியை எடுத்தார். முதல் தடவையிலேயே நூலைக் கோர்த்தார். நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு ஒரு மணி, ஒரு இழுப்பு, ஒரு மணி, ஒரு இழுப்பு என்று ஒரு வரிசை போட்டார். மருமகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேங்க் அக்கா மெச்சிய அதே வரிசை அவள் கண்ணெதிரே விழுந்தது. கடிகாரப் பட்டையில் தொடங்கி தரையில் ஊர்ந்தது வரை மாமா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அப்ப இத்தனை நாளா நான் உங்க கையையா காப்பியடிச்சுக்கிட்டு இருந்தேன்?" அவள் குரல் ஏறியது. "அறுந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன உங்களைத் தின்னுடவா போறேன்?"

"நீ இதையும் விட்டுட்டா அதுக்கு நான் காரணமாயிடுவேனேன்னு பயம்மா."

"கிதாருக்கும் கேக்குக்கும் வேற யாரு மாமா காரணம்?"

மாமாவுக்குச் சுருக்கென்றது. "நீ சிரிச்சியேம்மா" என்றார், மெதுவாக.

"வேற என்ன பண்றது?"

 தான் சிரிக்க வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்த அத்தனை தடவையும் வரிசையாக வந்து அவர் முன்னால் நின்றது. அவமானமாக இருந்தது.

மருமகள் பட்டையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். கை கழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். மேஜையில் போட்டுத்தான் இதுவரை பார்த்திருக்கிறாளே தவிர, கழுத்தில் வைத்துப் பார்த்ததில்லை. வைத்தாள். அவள் போட்ட பகுதி கழுத்தோடு ஒட்டி வளைந்தது. மாமா போட்ட நாலு விரல் வளையவில்லை. கழுத்தை விட்டுத் தள்ளி, கதவுக் கைப்பிடி மாதிரி விறைத்து நின்றது. அமுக்கினாள். அமுங்கியது. விட்டாள். மறுபடியும் எழுந்து நின்றது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இது வேறு சிரிப்பு.

"மாமா, இங்க வாங்க! உங்க வேலை மேஜை மேல லட்சணமாத்தான் இருக்கு. கழுத்துல போட்டா ஆளை முறைக்குது!"

மாமா வந்து பார்த்தார். முறைக்கத்தான் செய்தது.

"என் கை தொளதொள இல்ல மாமா" என்றாள் கண்ணாடியைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக. "கழுத்துக்கு இப்படித்தான் போடணும். பேங்க் அக்காவும் போட்டுப் பாக்கல, நானும் போட்டுப் பாக்கல." பட்டையை அவர் கையில் கொடுத்தாள். "பிரிங்க."

"நானா?"

"போட்டவங்கதானே பிரிக்கணும்."

மாமா பிரித்தார். நீலம் ஒரு கிண்ணத்தில், பொன் நிறம் ஒரு கிண்ணத்தில். அவ்வளவு இறுக்கிப் போட்டது லேசில் வரவும் இல்லை. மருமகள் எதிரே நாற்காலி போட்டு, காலை மடக்கி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"வலிக்குதா மாமா?"

"லேசா."

"நல்லா வலிக்கட்டும்."

அதற்கப்புறம் அவள் வேகமாகப் போட்டாள். பிரிக்கவே இல்லை. மாமா தட்டுப் பக்கம் போகவில்லை. நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுக்க மட்டும் அனுமதி கிடைத்தது. வகுப்பின் கடைசி நாளில் மணிக்கடைக்காரம்மா எல்லாப் பட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தன் கழுத்திலேயே போட்டு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாளாம். மருமகளுடையதைப் போட்டவள், கழற்ற மறந்துபோய் கல்லாவில் உட்கார்ந்துவிட்டாளாம்.

ஜன்னலில் ஏறிய அன்று மாமா தனியாகக் கடைத்தெருவுக்குப் போனார். உள்ளே போகக் கூச்சம். மருமகள் பின்னறையில் புது வகுப்புக்குத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். வெள்ளைத் துணி சுற்றிய கழுத்துப் பொம்மையில் கருநீலப் பட்டை, சொந்தத் தோல் மாதிரி படிந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.

"என்ன அழகு!" என்றாள் ஒருத்தி.

"இதெல்லாம் இங்க யாரும் செய்ய மாட்டாங்க" என்றாள் மற்றவள். "வெளியூர்ல இருந்து வரவழைச்சிருப்பாங்க."

"வெளியூரா?" என்றார் மாமா. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில செஞ்சதும்மா அது! என் மருமக செஞ்சது! நான் கெடுத்தேன், அவ சரிபண்ணா. இந்த மாதிரி ஒரு கை நான் பாத்ததே இல்ல!"

அந்தப் பெண்கள் பயந்துபோய் ஒரு அடி தள்ளி நின்றார்கள். கடைக் கதவு திறந்தது. மருமகள், கையில் பாசிமணித் தட்டோடு, வாசலில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் குறும்பாக ஒரு பக்கம் கோணியிருந்தது.

"உள்ள சரியாக் கேக்கல மாமா" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

மாமா தொண்டையைச் செருமினார், இப்படியும் அப்படியும் பார்த்தார், தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் சொன்னார். இந்தத் தடவை சத்தம் குறைவாகத்தான் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.