நூற்றைம்பது பாகை

இரண்டு விடைத்தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் களவைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். றம்லாவும் கதிர்காமநாதனும் கோசைன் வர்க்கத்தைச் சைன் வர்க்கமாக மாற்றி, சைனை x என்று வைத்து, வந்த இருபடிச் சமன்பாட்டை அழகாகக் காரணிப்படுத்தியிருந்தார்கள். சைன் ஒன்றைத் தாண்டாது என்று, x இரண்டு என்ற விடையைத் தள்ளியும் இருந்தார்கள். மற்றது அரை; அதற்கு முப்பது பாகை. அதோடு இருவரும் நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் மிச்ச ஒன்பது பேரும் அதே சைன் வருகிற நூற்றைம்பது பாகையையும் எழுதியிருக்க, இந்த இரண்டு பேருக்கு மட்டும் அது எப்படி விடுபடும்? அதுவும் பின்வரிசையில் அடுத்தடுத்த வாங்கில் இருக்கிற பெடியனும் பெட்டையும். இப்படியான விசயங்களில் என்னை லேசில் ஏமாற்ற முடியாது.

கதிர்காமநாதனுக்கு ஆறு பிரம்படி. மறுநாள் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து இருந்துவிட்டான். றம்லாவை நான் அடிக்கவில்லை. தகப்பன் பாறூக்கைக் கூப்பிட்டு, "பார்த்து எழுதியிருக்கிறா. பக்கத்திலை இருக்கிறது ஒரு பெடியன். பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கோ" என்று மட்டும் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. ஜீ.சீ.ஈ. அரசாங்கச் சோதனைக்கு விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் குடியேற்றத் திட்டத்தில் கணிதம் எடுக்க இருந்த ஒரே பெண்பிள்ளை அவள்தான். அதற்காகக் களவை விட்டுவிட முடியுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை கரும்பலகையில் கேள்விகளை எழுதி இன்னொரு சோதனை வைத்தேன். கள்ளனைப் பின்னாலிருந்துதான் பிடிக்க வேண்டும் என்று, றம்லாவின் வெற்று இடத்தில் போய் இருந்தேன். கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியம் ஒழுகியதால், அறுவடை தொடங்கியதிலிருந்து நெல் மூட்டைகளை எங்கள் வகுப்பில்தான் அடுக்கியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கரும்பலகையின் வலது கீழ் மூலையை மூட்டைகள் மறைத்தன. கடைசிக் கேள்வியில் பாதி தெரியவில்லை. போன மாதம் அந்தக் கணக்கைப் படிப்பித்தபோது, இடம் போதாமல் நூற்றைம்பதை நான் எழுதியது அதே மூலையில்தான். படிப்பித்த கணக்கையே சோதனையிலும் கொடுப்பது என் வழக்கம். இந்த இரண்டு வாங்குகளிலிருந்து பார்த்தவர்களுக்கு மட்டும் அது தெரிந்திருக்காது. பக்கத்து வாங்கில் கதிர்காமநாதன் பாதி எழும்பி, மூட்டைக்கு மேலால் கழுத்தை நீட்டிக் கேள்வியை வாசித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பயந்து குனிந்துகொண்டான்.

மறுநாள் பின்னேரம் றம்லாவின் விண்ணப்பத்தை நிரப்பி, என் கையெழுத்தையும் வைத்து, தகப்பனின் கையெழுத்துக்காகப் பாறூக்கின் வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். அவர் என்னை இருக்கச் சொல்லவில்லை.

"இன்னும் ஏதும் சொல்லக் கிடக்குதோ, மாஸ்டர்?"

"பிள்ளை பாத்து எழுதேல்லை. பிழை என்ரைதான்."

"அண்டைக்கும் இப்பிடித்தான் நிச்சயமாச் சொன்னீங்க."

மூட்டைகளின் கதையைச் சொன்னேன். அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இப்ப சங்கத்து மூட்டையில பழியைப் போடுறீங்களோ?"

"மூட்டை மறைச்சது உண்மைதான் வாப்பா," என்றபடி றம்லா அடுப்புப் புகைக்குள்ளிருந்து குசினி வாசலுக்கு வந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நூத்தைம்பதும் வரும் எண்டு எனக்குத் தெரியும் சேர். எழுதியும் போட்டன். நீங்க செய்து காட்டின கணக்கில அது இல்லை எண்டு நினைச்சுத்தான் அழிச்சனான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அவளை நம்பவில்லை. அவளோ என்னை நம்பித் தன் சரியான விடையை அழித்திருக்கிறாள். விண்ணப்பத்தை நீட்டினேன். பாறூக் அதை வாங்கித் தான் இருந்த கதிரையின் கைச்சட்டத்தில் வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பொறுங்க வாப்பா. இந்த முறை நானே பாத்திட்டுச் சொல்லுறன்."

றம்லா தாளைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினாள். என் கையெழுத்துக்கு வந்ததும் விரல் நின்றது. மூடி கழற்றிய பேனாவோடு பாறூக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.