மூன்றாம் தடவை பால்

"தோ வரேம்மா!" என்று கத்திவிட்டுத் தேவயானி கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். லேப்டாப் திரையில் சென்னை இசைக் கல்லூரியின் தேர்வாளர் காத்துக்கொண்டிருந்தார். இன்று தேறினால் கல்லூரி. இல்லாவிட்டால் உத்திரமேரூரில் அதே ஜெராக்ஸ் கடை வேலை.

கூடத்தில் அவள் அப்பா வேதகிரி படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள். அந்த மனுஷர் லேசுப்பட்டவரா? போகப்போகிறார் என்று ஏற்கெனவே இரண்டு தடவை உறவைக் கூட்டி, ஒரே பெண்ணான தேவயானியின் கையால் வாயில் பால் ஊற்றவைத்தார்கள். இரண்டு தடவையும் பாலை விழுங்கி, கண்ணைத் திறந்து, டீ கேட்டார்.

இது மூன்றாவது. இதுவும் டீயில்தான் முடியும் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

"நீ எடுத்துக்கிட்ட சிம்பொனியோட கடைசிப் பகுதியைச் சொல்லும்மா," என்றார் தேர்வாளர்.

சொன்னாள். மற்ற சிம்பொனிகள் ஆர்ப்பாட்டமாக முடியும், இது மெதுவாக முடிகிறது. ஒரே மெட்டு இரண்டு முறை வருகிறது. முதலில் வயலின்கள் மட்டும். அடுத்த முறை டிராம்போன் என்னும் பெரிய ஊதுகுழல்களும் சேர்ந்து அதை உச்சத்துக்குத் தூக்குகின்றன.

"தேவயானி, ஓடியாடி! நைனாவுக்கு மூச்சு இஸ்துக்கினு கீது. பால வெச்சிக்கினு நிக்கிறேன்!" அம்மாவின் குரல்.

மைக்கை அணைத்தாள். "ரெண்டே நிமிசம், இரும்மா!" மறுபடி போட்டாள்.

"உச்சத்துக்கு அப்புறம்?"

"வாத்தியத்தையெல்லாம் ஒண்ணொண்ணா நிறுத்திடறாரு சார், இசையமைச்சவரு. டிரம்பெட், புல்லாங்குழல், வயலின். கடைசியில அடிக்குரல் தந்தி வாத்தியங்க, செல்லோவும் டபுள் பாஸும்தான். அதுங்களும் சன்னமா, இன்னும் சன்னமா... எங்க முடிஞ்சதுன்னே தெரியாது."

"பிரமாதம்மா!"

அவள் பல் தெரியச் சிரித்தாள். சிரித்த வாயோடுதான் கதவைத் திறந்தாள்.

பால் அப்பாவின் கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது. டம்ளர் அம்மாவின் கையில் இருந்தது. மறு கையால் அவள் அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

தென்னேரியிலிருந்து வந்து விழுந்த அத்தை ஆதிலட்சுமி முதலில் கேட்டதே அதைத்தான். "எங்கண்ணன், பொண்ணு கையால பால் குடிச்சிட்டுப் போச்சா அண்ணி?"

அம்மா தேவயானியைப் பார்க்கவில்லை. "ஆமா. அவதான் ஊத்துனா. ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போனாரு."

"புண்ணியம் பண்ணவடி நீ," என்று அத்தை அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தேவயானிக்கு அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது. இல்லை அத்தை என்று சொல்ல வாயெடுத்தாள். சீ, அதற்குக்கூடத் துப்பில்லை. சுற்றி நின்றவர்கள் இரக்கத்தோடு பார்க்கப் பார்க்க, வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

வாசலில் மேளம் ஏறியது. பெண்கள் தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மா அவளையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். நெற்றியோடு நெற்றி முட்டியது. மேளச் சத்தத்தில் வேறு யார் காதிலும் விழாமல் அம்மா கேட்டாள்.

"பரிச்ச நல்லா சொன்னியா?"

தேவயானி தலையாட்டினாள்.

அம்மா அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒப்பாரியை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.