உப்பூர் ஓட்டம்

மண்டபத்தில் அதை எல்லோரும் ஓட்டைக்கார் கிளப்பு என்றுதான் சொன்னார்கள். பலகையில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர் வேறு. சுதந்திரம் வந்து ஏழு வருஷமாகியும் ஊர் திரும்பாமல் இந்தக் கடற்கரையில் தங்கிவிட்ட வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பேர், ரயில்வேயிலும் உப்பளத்திலும், அக்கரைக்குப் போகிறவர்களை நோய் சோதித்து அனுப்பும் இலங்கை சர்க்காரின் முகாமிலும் வேலை பார்த்தவர்கள், தங்கள் பழைய கார்களை வைத்துக்கொண்டு நடத்திய கிளப் அது. கார் முப்பதாம் வருஷத்துக்கு முந்தியதாக இருந்தால்தான் சேர முடியும். சனிக்கிழமை சாயங்காலங்களில் தகரக் கூரை பங்களாவில் கூடுவார்கள். ஆண்கள் பானட்டைத் திறந்துவைத்து எஞ்சினைப் பார்த்தபடி மதுவிலக்கிலும் அவர்களுக்குக் கிடைத்த பெர்மிட் விஸ்கியைக் குடிப்பார்கள். பெண்கள் சீட்டாடுவார்கள். அடுத்த கப்பலில் யார் போகிறார்கள், போகிறவர்களின் காரை யார் வாங்குவது என்பதுதான் பேச்சு.

ஜோதிமேரி அங்கே மூன்று வருஷமாகப் போய்க்கொண்டிருந்தாள். பாம்பன் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். முகாம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தபோது டைபாய்டில் விழுந்து கிடந்த ரயில்வே எஞ்சினியர் வில்ஃப்ரெட் ஹாலமை அவள்தான் பார்த்துக்கொண்டாள். எழுந்து நடமாடத் தொடங்கியதும், கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். பாதிரியார் முன்னால் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். அவளுடைய அம்மா மிக்கேலம்மாள் கோயிலுக்கே வரவில்லை. "தொரையக் கட்டுனவ தொரை வீட்டோட இருக்கட்டும். எனக்கு ஒரு மகன் இருக்கான், போதும்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த மகன் சிலுவைமுத்து மட்டும் அக்காவை விடவில்லை. மண்டபம் பக்கம் வள்ளம் ஒதுங்கும்போதெல்லாம் நகரையோ விளமீனோ ஓலையில் கோத்துக்கொண்டு பின்கட்டு வழியாக வருவான். மீனைக் கொடுத்துவிட்டு நேரே கார் கொட்டகைக்குப் போவான். வில்ஃப்ரெட்டின் பச்சை நிற ஆஸ்டின் செவன் அங்கே நிற்கும். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்து ஹாரனை அழுத்துவான்.

"அக்கா, என்னைக்காவது ஒரு நா இதுல என்னிய வச்சு ஓட்டச் சொல்லு."

"சொல்றேன்டா" என்பாள். வில்ஃப்ரெட் மறுத்திருக்க மாட்டார். ஏனோ அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

கிளப்பில் அவளை மேரி என்பார்கள். சிரித்துத்தான் பேசுவார்கள். ஆனால் சீட்டு மேஜையில் நாலு நாற்காலி போட்டால் நாலிலும் ஆள் இருக்கும். அவள் சமையல்காரனோடு நின்று சாண்ட்விச் வெட்டுவாள். கிளப் தலைவர் கர்னல் பெதரிக்கின் மனைவி, "மேரி, டீ இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லேன்" என்பாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, அவளைப் பார்த்தால் அதுதான் வாயில் வந்தது. வில்ஃப்ரெட் தூரத்திலிருந்து பார்ப்பார். கல்யாணத்துக்குப் பிறகு அவரையும் அப்படித்தான் ஒரு எட்டுத் தள்ளி வைத்திருந்தார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை உப்பூர் ஓட்டம் நடக்கும். மண்டபத்தில் கிளம்பி ராமநாதபுரம், தேவிபட்டினம் வழியாக உப்பூர் போய், அங்கே சாப்பாடு முடிந்து திரும்பி ஓட வேண்டும். முதலில் வருகிறவருக்கு வெள்ளிக் கோப்பை. வில்ஃப்ரெட் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஐம்பத்து நாலில் நடந்ததுதான் கடைசி ஓட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். கர்னலே கப்பலுக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

"இந்தத் தடவை நீ என் பக்கத்தில் உட்காருகிறாய்" என்றார் வில்ஃப்ரெட். "கோப்பையை நீதான் கையில் வாங்க வேண்டும். அத்தனை பேர் முன்னாலும்."

ஏழு கார்கள் கிளம்பின. வழிநெடுக ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். மாடு மேய்க்கிறவர்கள், தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் கை காட்டினார்கள். கார்களில் இருந்தவர்களும் கையாட்டினார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். தேவிபட்டினம் தாண்டி ஒரு மீனவக் குடிசைக் கூட்டத்தைக் கடந்தபோது, "என் தம்பி இந்தப் பருவத்துக்கு இங்கனதான் தங்கியிருக்கான்" என்று ஜோதிமேரி தமிழிலேயே சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் அது வில்ஃப்ரெட் காதில் விழவில்லை.

உப்பூரில் பனங்காட்டு நிழலில் ஜமக்காளம் விரித்துச் சாப்பாடு நடந்தது. கிளம்புகிற நேரத்தில் திருமதி பெதரிக் போட்டோ எடுக்க வேண்டும் என்றாள். எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஜோதிமேரி வழக்கம்போல ஓரமாகப் போக, அந்தம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "கடைசி வருஷம், மேரி. இங்கே நில்." காமிராவில் ஏதோ சிக்கிக்கொண்டது. சரிசெய்து, மறுபடி நின்று, மறுபடி எடுத்தார்கள். ஜோதிமேரிக்கு அது எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்றிருந்தது. அந்தம்மாளின் கை அவள் தோளில் இருந்தது.

திரும்பும்போது வில்ஃப்ரெட் முதலில் போனார். ஆஸ்டின் என்றுமில்லாத வேகத்தில் ஓடியது. பின்னால் வெறும் புழுதி, வேறு கார் எதுவும் கண்ணில் படவில்லை. அவர் சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். ரோட்டோரத்தில் உடைமரத்தடியில் நாலைந்து ஆட்கள் நின்று துண்டை வீசினார்கள். ஒருவன் காரோடு கொஞ்ச தூரம் ஓடியும் வந்தான். வில்ஃப்ரெட் ஹாரன் அடித்தார். ஜோதிமேரி சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

கை இறங்குவதற்குள் அவள் கண்ணுக்குள் அந்த மரத்தடி திரும்ப வந்தது. ஓடிவந்தவனை அவளுக்குத் தெரியும். சிலுவைமுத்துவோடு வள்ளத்தில் போகிற கில்பர்ட். அவன் கையில் இருந்த துண்டு சிவந்திருந்தது. மரத்தடியில் பாயில் யாரோ கிடந்தார்கள்.

"நிறுத்துங்கள், வில்ஃப்ரெட்! அது கில்பர்ட். யாருக்கோ அடிபட்டிருக்கிறது."

"பின்னால் ஆறு வண்டி வருகிறது. யாராவது நிற்பார்கள்."

"நிற்க மாட்டார்கள். நாமே நிற்கவில்லையே!"

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தேவிபட்டினத்தில் இறங்கி ஆள் அனுப்புகிறேன். சத்தியமாக. இன்னும் கொஞ்ச தூரம்தான், மேரி. இதெல்லாம் உனக்காகத்தான், உனக்கு விளங்கவில்லையா?"

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கெஞ்சினாள். ஆங்கிலம் தீர்ந்துபோய்த் தமிழில் கத்தினாள். வளைவில் ஒரு ஆட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. வண்டி மெதுவானது. அவள் கதவைத் தள்ளிக் கீழே குதித்தாள். முழங்கால் சிராய்ந்து எழுந்தபோது வில்ஃப்ரெட் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் தூரத்தில் எழுந்த புழுதியைப் பார்த்தார். ஆடுகள் விலகின. அவர் போய்விட்டார்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்த வழியே ஓடினாள். கர்னலின் பெரிய கார் எதிரே வந்தது. இரண்டு கையையும் தூக்கி வீசினாள். அது ஹாரன் அடித்து ஒதுங்கிக் கடந்தது. "பாவம் மேரி! ஹாலம் உன்னை இறக்கிவிட்டுவிட்டானா?" என்று திருமதி பெதரிக் சிரித்துக் கைக்குட்டையை ஆட்டினாள். அடுத்து வந்தவையும் நிற்கவில்லை. ரோட்டோரத்தில் கை வீசுகிறவர்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போய் அவர்களுக்குப் பழகியிருந்தது.

மரத்தடியில் கிடந்தது சிலுவைமுத்துதான். வலையிலிருந்து எடுக்கும்போது திருக்கை வாலைச் சுழற்றித் தொடையில் குத்திவிட்டது. முள் ஆழமாக இறங்கியிருந்தது. கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டுக்குக் கீழே பாய் நனைந்து, மணலும் நனைந்திருந்தது.

"எப்படா குத்துச்சு?"

கில்பர்ட் மூச்சு வாங்கினான். "காலையிலக்கா. நீங்கள்லாம் அங்கிட்டுப் போன கொஞ்ச நேரத்துல. மாட்டுவண்டி ஒண்ணு வந்துச்சு. இவந்தான் வேணாம்னுட்டான். அக்கா கார் இந்த வழியாத்தான திரும்பும், அதுல போனா சீக்கிரம் போயிரலாம்னான். வண்டிய அனுப்பி விட்டுட்டோம்." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "நீயும் கையாட்டிட்டுப் போயிட்டியேக்கா."

அவள் தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் கண்ணைத் திறந்தான். உதடு வெளுத்திருந்தது.

"வந்துட்டியா. வண்டி எங்க?"

"வருதுடா. இந்தா வந்துரும்."

தூரத்தில் இன்னொரு எஞ்சின் சத்தம் கேட்டது. கை வீசிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தம்பியின் தலையைக் கில்பர்ட்டிடம் கொடுத்துவிட்டு நடுரோட்டில் போய்க் குறுக்கே படுத்தாள். சரளை முதுகைச் சுட்டது. "சேசுவே, சேசுவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரேக் கிரீச்சிட்டது. டயர் அவள் கால்மாட்டில் வந்து நின்றது.

யான்ஸ் இறங்கினார். கொழும்பிலிருந்து முகாமுக்கு வந்த பறங்கிக்காரர். அவருடைய பியட் ஒவ்வொரு வருஷமும் கடைசியாகத்தான் வரும். அவர் மரத்தடியைப் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்தார். பிறகு தன் காரின் புது வெள்ளை சீட் உறையைப் பார்த்தார்.

"மேரி, நான் ஒரு ஆளை அனுப்பி..."

"ஏத்துங்க" என்றாள். அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களக் கும்பிடுறேன், ஏத்துங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சிலுவைமுத்துவின் தோளுக்கடியில் கை கொடுத்தார்.

கார் நகர்ந்தபோது சிலுவைமுத்து சீட்டைத் தடவிப் பார்த்தான். தேவிபட்டினம் வரும்வரை அக்காவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். ஊர் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. கில்பர்ட் ஊருணிக்கு ஓடினான். தகர வாளியில் தண்ணீர் கொண்டுவந்தான். மூடியைத் திறந்த யான்ஸின் கையை ஆவி சுட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினார். வண்டி மறுபடி கிளம்பிய பிறகுதான், தன் கையைப் பிடித்திருந்த விரல்களில் பிடி இல்லை என்பதை ஜோதிமேரி கவனித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யான்ஸ் வேகத்தைக் குறைத்துவிடுவார் என்று பயந்தாள். "சீக்கிரம், சீக்கிரம்" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் மணிக்கட்டைத் தொட்டுவிட்டுக் கையைக் கீழே வைத்தார். "காலையிலேயே கொண்டுவந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம்" என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கில்பர்ட் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். ஜோதிமேரிக்கு அழுகை வரவில்லை. தம்பியின் காலில் ஒட்டியிருந்த மணலைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் ஆஸ்டின் வந்து நின்றது. வில்ஃப்ரெட் வராந்தாவுக்கு ஓடி வந்தார். யாரென்று வழியில்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாயில் கிடத்தியிருந்த பிரேதத்தைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தார். முகம் சாம்பலாக இருந்தது.

"எனக்குத் தெரியாது, மேரி. உன் தம்பி என்று தெரிந்திருந்தால்..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யாரோவாக இருந்தால் போகலாமா?"

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். "நான் நின்றிருந்தாலும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எதுவும்..."

"அதை டாக்டர் சொல்லட்டும். நீங்கள் சொல்லக் கூடாது."

பிரேதத்தைத் தன் காரிலேயே கொண்டுபோகலாம் என்றார் வில்ஃப்ரெட். கில்பர்ட் இரண்டு கையையும் அகட்டி வழியை மறித்தான். "அந்த வண்டி வேணாம்." மறுபடியும் யான்ஸின் காரில்தான் ஏற்றினார்கள். மண்டபம் கரையில் கார் ரோடு முடிந்தது. அங்கிருந்து பாம்பனுக்கு வள்ளம்தான். வில்ஃப்ரெட் பின்னாலேயே வந்து, தண்ணீருக்குள் முழங்காலளவு இறங்கி, "நானும் வருகிறேன்" என்றார். ஜோதிமேரி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பாம்பன் கரையில் செய்தி முன்னாலேயே போய்விட்டிருந்தது. மிக்கேலம்மாள் மகன் மேல் விழுந்து புரண்டாள். பிறகு எழுந்து மகளின் தலைமுடியைப் பற்றி உலுக்கினாள்.

"ஓங்காரு அங்கனதானடி இருந்துச்சு! ஓங்காருக்குத்தானடி எம்புள்ள காத்துக் கெடந்தான்!"

"ஆமாம்மா" என்றாள் ஜோதிமேரி. அடி ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டாள். பெண்கள் வந்து பிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மிக்கேலம்மாள் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடக்கம் முடிந்தும் ஜோதிமேரி மண்டபம் திரும்பவில்லை. அம்மாவின் குடிசையிலேயே இருந்துவிட்டாள். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. விடிந்ததும் கரைக்குப் போய்க் கருவாடு காயப்போடுவாள். கஞ்சி காய்ச்சி அம்மா பக்கத்தில் வைப்பாள். சில நாள் மிக்கேலம்மாள் குடிப்பாள். சில நாள் அது அப்படியே இருக்கும்.

வில்ஃப்ரெட் வாரந்தோறும் ரயிலேறி வந்தார். குடிசைக்கு வரத் துணிவில்லாமல் பாம்பன் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஆள் விடுவார். அவள் போகவில்லை. கர்னல் வீட்டார் போய்விட்டார்கள், கிளப்பை மூடிவிட்டார்கள், யான்ஸையும் கொழும்புக்கு மாற்றிவிட்டார்கள் என்றெல்லாம் போர்ட்டர் வந்து சொன்னான். தானும் கிளம்புவதாகச் சொல்லியனுப்பிய அன்றைக்கு மட்டும் அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். ரொம்ப மெலிந்திருந்தார்.

"உனக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். வா, மேரி. நான் செய்ததற்கு ஆயுசு முழுக்க நீ என்னைத் திட்டு. அங்கே வந்து திட்டு."

"உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை" என்றாள். "அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுகிறவரைக்கும் நான் எங்கேயும் வர முடியாது."

"பேசாமலே இருந்துவிட்டால்?"

கொழும்புக் கப்பலுக்குப் போகும் ரயில் பாலத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்காருகிறவரைக்கும் அவள் நின்றாள். கருவாட்டைக் காகம் தூக்குவதற்கு முன்னால் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கரைப் பக்கம் இறங்கி நடந்தாள்.