கிரேனுக்கு வைத்த பரீட்சை

காலை ஒன்பது மணிக்கே கிரேன் தயாராக நின்றது. இன்ஜினியர் சேஷகிரி இன்னும் முதலாளி அறையிலிருந்து வரவில்லை. வார்ப்புப் பட்டறை வாசலில் சுமை தூக்கும் ஆறு பேரும் குந்தியிருந்தார்கள். பக்கத்தில் வார்த்து ஆறவைத்த, கடைசல் இயந்திரத்துக்கு அடிப்பீடமாகும் லேத் பெட் இரண்டு கிடந்தன. ஒவ்வொன்றும் அரை டன். இங்கிருந்து அறுபதடி தள்ளி, கடைசல் பட்டறை மேஜைமேல் கொண்டுபோய் வைப்பதுதான் தினமும் அவர்கள் வேலை.

கிரேனுக்குப் பச்சை வர்ணம். நாலு சின்னச் சக்கரம், சாய்ந்த ஒரு கை, அதன் நுனியில் கொக்கி, கையால் இழுக்கச் சங்கிலி. கூரையில் தண்டவாளம் போட்டு ஓடவிடும் மாதிரியைத்தான் சேஷகிரி முதலில் பார்த்துவைத்திருந்தார். கூரைச் சட்டம் தாங்காது என்று தெரிந்ததும் தரையில் தள்ளும் இந்த மாதிரியை மெட்ராஸிலிருந்து வரவழைத்தார். வாங்குவதற்கு முன் ஆள் தூக்குவதையும் இது தூக்குவதையும் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"நல்ல ஆளுதான்," என்று முனிராஜ் கிரேனின் கையைத் தட்டினான். "பீடி கேக்காது, லீவு கேக்காது. ஒரு நயா பைசா கூலி கேக்காது."

"ஆனா சங்கிலி இழுக்க ரெண்டு பேரைக் கேக்குதே," என்றான் மேஸ்திரி ஜெயராஜ். "மீதி நாலு பேரு கேட்டுக்கு வெளிய."

அந்த இரண்டு பேரில் ஒருவர் அய்யாவு என்பது எல்லோருக்கும் தெரியும். சேஷகிரியே சொல்லியிருந்தார். அய்யாவுக்கு நாற்பத்தாறு வயது. வலது அடிவயிற்றில் ஆறு மாதத்துக்கு முன் எலுமிச்சங்காய் அளவில் இருந்த வீக்கம் இப்போது குழந்தையின் முஷ்டி அளவுக்கு வந்துவிட்டது. குடல் இறங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்து மூன்று மாதம் பாரம் தூக்காமல் இருக்க வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பாரம் தூக்காத மூன்று மாதத்துக்கு யார் சோறு போடுவார்கள்? தினமும் விடிந்ததும் மர்பி டவுன் வீட்டில் மனைவி சந்திரம்மா பழைய புடவையை நாலாக மடித்து, அவர் வயிற்றை எக்கிக்கொள்ள, இறுக்கிக் கட்டி அனுப்புவாள்.

"கிரேன் வந்துட்டா இந்தக் கட்டு வேணாமில்ல?" என்று இன்று கேட்டாள். அவர் தலையாட்டினார். வெளியே போகும் நாலு பேரில் அவள் தம்பி முனிராஜும் ஒருவன் என்பதைச் சொல்லவில்லை.

முனிராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, நீ தோள கொஞ்சம் தாழ விட்டாலே போதும், கிரேன்தான் ஜெயிக்கும். நான் ஒன்னும் தப்பா நெனக்க மாட்டேன்."

"சும்மா கெடடா."

"அக்காகிட்டயும் சொல்ல மாட்டேன்."

சேஷகிரி வந்தார். முதலில் கிரேன். கிரேன் விற்க வந்த மெட்ராஸ்காரர் கூட்டிவந்த இரண்டு ஆட்கள் சங்கிலியை இழுக்க, லேத் பெட் சத்தமில்லாமல் மேலே வந்தது. பார்க்கவே ஆசையாக இருந்தது. ஆனால் இரண்டு பட்டறைக்கும் நடுவே தரைக்கல் ஒன்று அமுங்கிக் கிடக்கும். முன்சக்கரம் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. கடப்பாரை போட்டு நெம்பி வெளியே எடுத்து, மேஜைமேல் இறக்கும்போது பத்தொன்பது நிமிஷம்.

"ஃப்ளோர் சரியில்ல ஸார். சிமென்ட் போட்டுட்டீங்கன்னா பாதி டயம்தான்," என்றார் மெட்ராஸ்காரர், டையைத் தளர்த்திக்கொண்டே.

அடுத்து ஆட்கள். கயிறு சுற்றி, இரண்டு பக்கமும் கம்பம் கொடுத்து, பக்கத்துக்கு மூன்று பேராகத் தோள் வைத்தார்கள். "ஐலேசா!" என்றான் ஜெயராஜ். பாரம் எழுந்தது. புடவைக் கட்டையும் மீறி ஏதோ ஒன்று அய்யாவின் அடிவயிற்றில் வெளியே தள்ளியது. வழக்கமாகப் பாதி வழியில் ஒரு தடவை இறக்கிவைத்து மூச்சு வாங்குவார்கள். இன்று ஜெயராஜ் நிறுத்தவில்லை.

முழங்காலை மூன்று விரற்கடை மடக்கினால் போதும். அய்யாவுக்கு நேர் முன்னால் முனிராஜின் பிடரி. காதுக்குப் பின்னால் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. அமுங்கிய கல் வந்தது. பழகிய கால்கள் எட்டி வைத்துத் தாண்டின. அய்யாவு முழங்காலை மடக்கவில்லை.

"எட்டு நிமிஷம்," என்றார் சேஷகிரி.

கடைசல்காரர்கள் கை தட்டினார்கள். "போய்ட்டு வா ராஜா!" என்று முனிராஜ் கிரேனுக்குக் கும்பிடு போட்டான்.

சேஷகிரி அய்யாவைத் தனியே அழைத்தார். "ஒனக்காகத்தானேய்யா இவ்ளோ அலைஞ்சேன்? தெனம் பதினஞ்சு நிமிஷம் ஆகுமே. சிமென்ட் போட்டா கிரேனுக்குப் பத்துதான்னு முதலாளிகிட்ட சொல்லியிருப்பேனே. நடுவுல ஒரு தடவ எறக்கி வெச்சிருக்கப்படாதா?"

அய்யாவு இடுப்பில் கையை அழுத்திக்கொண்டு நின்றார். "தூக்கிட்டோம் ஸார்."

"ஆய்த்து, போ."

சாப்பாட்டு மணிக்குப் பிறகு சேஷகிரி மறுபடி வந்தார். முகத்தில் களையில்லை.

"முதலாளி கிரேன் வேணாம்னுட்டார்."

முனிராஜ் விசிலடித்தான்.

"இருப்பா, இன்னொண்ணு இருக்கு. பெட் ஒண்ணுக்கு எட்டு நிமிஷம்னு எழுதிண்டிருக்கார். நாளையிலேர்ந்து அதுதான். ஒரு நாளைக்குப் பத்து இல்ல, பதினெட்டு."

"ஸார், அது ஒரு தபா தூக்கினது," என்றான் ஜெயராஜ். "நாள் பூரா எப்படி ஸார்?"

"நானும் சொன்னேன். 'இன்னிக்கு முடிஞ்சது நாளைக்கு ஏன் முடியாது'ங்கறார்."

முனிராஜ் பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்கு மெட்ராஸ்காரரின் லாரி வாசலில் பின்பக்கமாக வந்து நின்றது. அதன் சரக்குத் தட்டு மார்பு உயரம். அவர் கிரேனையும் தட்டையும் பார்த்துவிட்டு, "ஆறு பேரும் வாங்கப்பா," என்று கூப்பிட்டார்.

அதே கயிறு, அதே கம்பங்கள். அய்யாவு தூணுக்குப் பின்னால் போய்க் வயிற்றுக் கட்டை இறுக்கிக்கொண்டு வந்து தன் இடத்தில் தோள் கொடுத்தார்.

"பாத்து, பாத்து. பெயின்ட் போயிடப் போவுது," என்றார் மெட்ராஸ்காரர்.

கிரேன் ஆறு தோள்களில் எழுந்தது. கொக்கியைக் கட்டிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடிக்கு ஒரு தரம் அது ஆடிவந்து அய்யாவின் விலாவில் இடித்தது. பிடித்து நிறுத்த அவருக்குக் கை ஒழியவில்லை.