பூனைக்குக் காவல்

முப்பது வருஷம் மில் வாசலில் நின்று, வீட்டுக்குப் போகிறவர்களின் பையைச் சோதித்தவன் நான். யாரையும் நம்பியதில்லை. பூனையை மட்டும் நம்புவேனா? மணலை வீடெல்லாம் இறைத்துவிடும் என்று, அது வந்த நாளிலிருந்து அது ஒண்ணுக்கு இருக்க வைத்த மணல் தட்டுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கழுதையோ தட்டில் ஒரு காலை வைக்கும், என்னைப் பார்க்கும், நேராகப் போய் சோபாவை நனைக்கும். துடைத்துத் துடைத்து என் இடுப்பு விட்டுப்போனது.

"மாமா, இன்னொரு தடவை சோபா நனைஞ்சா பூனையை யாருக்காவது குடுத்துடுவேன்" என்றாள் மருமகள்.

போனால் போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. என் கால்மாட்டில் வந்து படுக்கிற ஒரே ஜீவன் அதுதான்.

"ஒண்ணுக்கு இருந்து தொலையேன், சனியனே!" என்று மறுநாள் கத்தினேன்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "எதிர்ல ஒருத்தர் முறைச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தா உங்களுக்கு வருமா மாமா?"

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே வந்து, கதவை ஒருக்களித்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். திரும்பச் சொல்லிக் கழுத்து அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே மணலைப் பிராண்டும் சத்தம் கேட்டது.

பூனை வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதும் உள்ளே ஓடிப் பார்த்தேன். தட்டில்தான் ஒண்ணுக்கு இருந்திருக்கிறது. ஆனாலும் சோபாவை ஒருமுறை குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் மருமகளைக் கூப்பிட்டேன்.