பாஸ்டரம்மாவுக்குப் பிடிக்காத செடிகள்

மான் அழகு என்று சொல்பவர்கள் எல்லோரும் நகரத்துக்காரர்கள். மின்னசோட்டாவின் வடகோடியில், எங்கள் சாலையில் ஒரு வருடம் தோட்டம் போட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும்.

பக்கத்து வீட்டு இர்யா சல்மெலாவின் துலிப் பூக்களை அந்த மே மாதமும் மான் கூட்டம் தின்றுவிட்டது. காலையில் பார்த்தால் பிய்ந்த தண்டுகள் மட்டும் வரிசையாக நின்றன. காது கிழிந்த ஒரு பெண் மான்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. அதற்கு இர்யா வைத்த பெயர் பாஸ்டரம்மா. எங்கள் சபையில் முன்பு இருந்த போதகரின் மனைவி அப்படித்தான். சொல்லாமல் வருவார், நிதானமாக எல்லாவற்றையும் சுற்றிப் பார்ப்பார், இருப்பதில் நல்லதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

"இதான் கடைசி, ரெய்னோ," என்றாள் இர்யா. "ஆகஸ்ட்ல டேல் வண்டி எடுத்துட்டு வர்றான். அரிசோனாவுல அவன் வீட்டுப் பின்னாடி எனக்குன்னு ஒரு ரூம் கட்டியிருக்கானாம். அவன் வர்ற அன்னைக்கு இந்த முற்றத்துல என் உள்ளங்கை அகலத்துக்காவது பூ இருந்தா இருக்கேன். இல்லன்னா மகனோட கிளம்புறேன்."

"பூவுக்காகவா வீட்டை விட்டுப் போவே?"

"பின்னே? பாதி வருசம் பனியைப் பாக்குறேன். மீதி வருசம் மொட்டைத் தண்டைப் பாக்கணுமா? அதுக்கு அங்க போய்க் கள்ளிச்செடியைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

என் வீட்டுக்கு ஒரு பக்கம் இர்யா. மறுபக்கம் சதுப்பு நிலம். காலையில் எனக்குக் காபி அவள் சமையலறையில்தான். மோசமான காபி. ஆனாலும் சதுப்பு நிலத்தோடு உட்கார்ந்து காபி குடிக்க முடியாது.

என் அப்பா செய்ததையே நானும் செய்தேன். வாசனை சோப்புக் கட்டிகளில் துளை போட்டு, அவளுடைய அகல இலை ஹோஸ்டாச் செடிகளைச் சுற்றிக் கம்பு நட்டுத் தொங்கவிட்டேன். சில நாள் மான் வரவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அப்புறம் ஒரு மழை பெய்தது. மறுநாள் பார்த்தால் சோப்பு இருந்தது, ஹோஸ்டா இல்லை.

"பாஸ்டரம்மா கை கழுவிட்டுத்தான் சாப்பிட்டிருக்காங்க," என்றாள் இர்யா. "நீயும் ஒரு கட்டி எடுத்துட்டுப் போ, ரெய்னோ. உனக்கும் ஆகும்."

வேறு வழியில்லாமல் நெடுஞ்சாலை ஓரத்து நாற்றுப்பண்ணைக்கு அவளை ஏற்றிக்கொண்டு போனேன். விற்கிறவர்கள் சொல்வதை நான் நம்புகிறவன் இல்லை. தொட்டிகளில் செருகியிருந்த அட்டைகளில் 'மான் அதிகம் தொடாது' என்று எழுதியிருந்தது. பண்ணைக்காரி மார்லிஸைக் கூப்பிட்டேன்.

"அதிகம் தொடாதுன்னா என்ன அர்த்தம்?"

"அதிகம் தொடாதுன்னு அர்த்தம், பெரியவரே. தொடவே தொடாதுன்னு நான் எழுதலை. பசி முத்தினா அது வேலிக்கம்பையும் தின்னும்."

"யார் சொன்னது இதை? மானா?"

"ஆமா. என் தோட்டத்துல வந்து சொல்லிட்டுப் போகுது, வருசா வருசம்."

இதற்குள் இர்யா லாவெண்டர்த் தொட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அதை மான் தொடாது," என்றாள் மார்லிஸ். "ஆனா நம்ம ஜனவரி தொடும்."

இர்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மான் தொடாதது குளிர்ல சாவுது. குளிர்ல சாகாததை மான் தின்னுது. நான் என்ன, பிளாஸ்டிக் பூவா வாங்கி வைக்கிறது?"

"இந்த மண்ணுலயே முளைச்சதைப் பாருங்க. உங்க தாத்தா பின்லாந்துல இருந்து கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே இதுங்க இந்தக் குளிரையும் பாத்தாச்சு, மானையும் பாத்தாச்சு. வாடை தூக்கலா இருந்தா மானுக்கு ஆகாது. இலையில முடி இருந்தா ஆகாது. கிள்ளினா கசப்புப் பால் வந்தா ஆகாது."

இர்யா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "வாடை, முடி, கசப்பு. ரெய்னோ, பேசாம உன்னையே நட்டிருக்கலாம் போலிருக்கே!"

மார்லிஸ் சிரிப்பை அடக்கத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் காட்டு பெர்கமாட் இலை ஒன்றைக் கிள்ளி மென்றேன். ஓமத்தை வாய் நிறையப் போட்ட மாதிரி நாக்கு மரத்துப் போனது. சரி, இதை மட்டும் நம்பலாம் என்று முடிவு செய்தேன்.

அதை எடுத்தோம். சோம்பு வாசம் அடிக்கும் நீலக் கதிர்ப்பூச் செடி எடுத்தோம். ஈரத்தில் நிற்கும் மில்க்வீட் எடுத்தோம், கிள்ளினால் அதில் பால் வரும். வெள்ளைப் பூக் கொத்தோடு, பறவை இறகு மாதிரி இலையோடு இன்னொன்று.

"இதோட பேர் என்ன?" என்று கேட்டாள் இர்யா.

"யாரோ," என்றேன் அட்டையைப் படித்து.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

"பேரே யாரோதான்!"

கிளம்பும்போது மார்லிஸ் கேட்டாள்: "குளிர்காலத்துல முற்றத்துல தீனி ஏதாச்சும் வைக்கிறீங்களா?"

"சே, அதெல்லாம் இல்ல," என்றாள் இர்யா. "கிறிஸ்துமஸுக்குக் குருவிங்களுக்கு ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒண்ணு. எங்க ஆளுங்க எல்லாருமே கட்டுறதுதான்."

"எவ்வளவு உசரத்துல?"

"கம்பு மேல. இவன் தலைக்கு மேல ஒரு முழம்."

"பனி விழுந்ததுக்கு அப்புறம்?"

நான் கையை என் இடுப்பில் வைத்துப் பார்த்தேன். முற்றத்தில் பனி இடுப்பளவு ஏறி இறுகினால் கம்பு இடுப்பளவு குறைந்துபோகும். இத்தனை வருடம் கிறிஸ்துமஸ் கொண்டாடியும் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றியதில்லை.

"குருவிக்கு அழைப்பு வச்சு மானுக்குப் பந்தி போட்டிருக்கீங்க," என்றாள் மார்லிஸ். "ருசி கண்டதும் ஏப்ரல்ல திரும்ப வருது."

"கம்பு நட்டது இவன்," என்றாள் இர்யா.

"கதிரைக் கட்டினது அவ," என்றேன்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதே சண்டை.

நடும்போதும் அவள் வாய் ஓயவில்லை. "இந்த யாரோவை நான் பாவாடை கட்டின காலத்துலேருந்து வெட்டி வெட்டி எறிஞ்சிருக்கேன். இப்ப வண்டியில ஏத்திக் கொண்டாந்து குழி தோண்டித் தண்ணி ஊத்துறேன். சபையில யாரும் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"உனக்குப் புத்தி வந்துடுச்சுன்னு நினைப்பாங்க."

"உன்னோட பழகிட்டு எனக்கு எங்கேருந்து வரும்?"

இளம் இலையில் காரம் ஏறும்வரை கம்பி வலை சுற்றி வைக்கச் சொல்லியிருந்தாள் மார்லிஸ். வைத்தோம். ஜூலையில் மொட்டு விட்டதும் வலையை எடுத்தோம். எனக்கு எடுக்க மனமில்லை. வலைக்குள் இருக்கிற பூ கணக்கில் வராது என்று இர்யா பிடிவாதம் பிடித்தாள்.

மறுநாள் காபிக்கு உட்கார்ந்திருந்தபோது பாஸ்டரம்மா வந்துவிட்டாள். பின்னால் இரண்டு குட்டிகள். இர்யா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போய் விரட்டுறேன்," என்றேன்.

"உக்காரு. இன்னைக்கு விரட்டுவே, நாளைக்கு யார் விரட்டுவா? என்ன நடக்குதுன்னு பாத்துடுவோம்."

பாஸ்டரம்மா பெர்கமாட் மொட்டு ஒன்றைக் கொய்தாள். மென்றாள். தாடை பாதியில் நின்றது. உதட்டைச் சுருட்டி, மென்றதைக் கீழே போட்டுவிட்டுப் பெரிதாக ஒரு தும்மல் போட்டாள். யாரோவிடம் போனாள், முகர்ந்தாள், தலையைத் திருப்பிக்கொண்டாள். மில்க்வீட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு விறைப்பாக வேலியோரம் நடந்தாள்.

"இன்னைக்குச் சமையல் அம்மாவுக்குப் பிடிக்கலை," என்று இர்யா கிசுகிசுத்தாள். சட்டைக் கையை அவள் உடனே விடவில்லை. அதற்குள் காபி ஆறிவிட்டது. அதையும் குடித்தேன்.

ஆகஸ்டில் டேல் பெரிய வண்டியோடு வந்தான். நல்ல பையன்தான். ஆனால் இடுப்பில் கைவைத்து வீட்டைப் பார்த்த விதம், ஏற்கெனவே விற்றுவிட்டவன் பார்ப்பது போல இருந்தது. பிறகு முற்றம் கண்ணில் பட்டது. ஊதா, நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை. தேனீக்களின் இரைச்சலில் கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"அம்மா, இதெல்லாம் யார் வச்சது?"

இர்யா வெள்ளைப் பூவைக் காட்டினாள். "யாரோ."

அவன் என்னைப் பார்த்தான். நான் என் காலணியைப் பார்த்தேன்.

"அப்ப நீங்க வரலையா?"

"உள்ளங்கை அகலம்னு சொல்லியிருந்தேன். அளந்துடுவோம்." அவள் பெர்கமாட் கூட்டத்தின் மேல் கையை விரித்து வைத்தாள். சுற்றிலும் பூ வழிந்தது. "கை பத்தலையேப்பா. நான் என்ன செய்ய?"

"ரெய்னோ மாமா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்களேன்."

"எனக்கு என்னப்பா தெரியும்," என்றேன். "அரிசோனா நல்ல ஊருன்னுதான் சொல்றாங்க. போறதும் போகாததும் உங்கம்மா இஷ்டம்."

"பாத்தியா?" என்றாள் இர்யா. "இந்த ஆளை நம்பித் தோட்டத்தை விட்டுட்டு வரச் சொல்றே. மறுபடி சோப்பைக் கட்டுவான்."

அம்மாவும் மகனும் பேசட்டும் என்று நான் வேலியைச் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தேன். வெகுநாள் கழித்து வாயில் ஒரு சீட்டி வந்தது. பின்பக்கம் போனதும் நின்றுவிட்டது.

என் பீட்ரூட் பாத்தி. கிறிஸ்துமஸ் சாலட்டுக்கென்று விதைத்தது. இலை ஒன்றுகூட மிச்சமில்லை. நடுவில் பாஸ்டரம்மா. ஒரு சிவப்புக் காம்பு உதட்டில் தொங்க, என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அமைதியாக மென்றாள்.

கல்லைத் தேடிக் குனிந்தேன். வேலிக்கு மேலே இர்யாவின் தலை தெரிந்தது. எத்தனை நேரமாக நின்றாளோ.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதே, ரெய்னோ. எங்க வீட்டுல சாப்பாடு சரியில்லைன்னுதானே உன் வீட்டுக்கு வந்திருக்காங்க. உன்னோட சோப்பெல்லாம் இங்கதான் கிடக்கு. கொண்டு வரட்டா?"

"கொண்டு வா," என்றேன். "அப்படியே காபியையும் கொண்டு வா."